மிளகாய்க் கட்டம்

எனக்குச் சந்தேகப் புத்தி. ஒளிப்பானேன், ஒத்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி டாலி எழுதுகிற வேலை எனக்கு. பதினோரு வருஷம் அதைத்தான் செய்தேன். கிரேன் ஒரு தடவை இறக்கினால் நான் ஏழு என்பேன், எதிரே கப்பல்காரனுடைய ஆள் எட்டு என்பான். இரண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு மறுபடியும் எண்ணுவோம். அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. தட்டில் வைத்த வடையைக்கூட எண்ணுவேன். என் பெண்டாட்டி வேண்டுமென்றே ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, "இன்னாய்யா, டாலி சரியா கீதா?" என்பாள்.

ஒரு ஆடி மாசம் தோல் கட்டு ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி என் இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு போய்விட்டது. தானாக நழுவியது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை, இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. ராயபுரத்துச் சந்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். பெண்டாட்டி கடலைக் கிடங்கில் பொறுக்குகிற வேலைக்குப் போனாள். விடியலில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு ஓடுவாள், மத்தியானம் சோறு போட ஒரு ஓட்டம் வருவாள், திரும்பவும் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள்.

பையனுக்கு ஆறு வயசு, பெண்ணுக்கு ஐந்து. அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் போட இருந்தோம். அழைத்துக்கொண்டு போக எனக்குக் கால் இல்லை, அவளுக்கு நேரம் இல்லை. "தெருவுல போறவங்க யாராண்டயாவது அனுப்பலாமே" என்றாள். யாராண்டயாவது என்றால் யாரிடம்? என் குழந்தைகளை ஒருத்தர் கையில் பிடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலேயே நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

சொல்வது சுலபம். பலகையும் குச்சியுமாக உட்காரவைத்த முதல் நாள், பையன் குச்சியைக் கடித்துத் தின்றான். பெண் பலகை மேலேயே தூங்கிவிட்டாள். இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். மேளச் சத்தம் கேட்டதும் இரண்டும் வாசலுக்கும் உள்ளுக்குமாகக் குதிக்கின்றன. எனக்கு எரிச்சல் வந்து, "இங்கேயே கூழ் காய்ச்சலாம் வாங்கடா" என்று கேழ்வரகு மாவை முன்னால் வைத்து ஆழாக்கைக் கையில் கொடுத்தேன். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது இரண்டு நாளாகக் காதில் ஏறாதது, மாவை அள்ளிப் போட்டதும் அரை மணியில் ஏறிவிட்டது. அட, இப்படியா சங்கதி என்று நினைத்தேன். பண்டிகை எப்படியும் வந்துகொண்டேதான் இருக்கிறது, அவர்கள் புத்தியும் அதன் பின்னாலேயே ஓடுகிறது, நாமும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதான்.

அன்றைக்குத்தான் எதிர்வீட்டுப் பெண் எங்கள் வாசற்படி ஓரமாக நின்றதை முதலில் கவனித்தேன். எட்டு வயசு. அவள் அம்மா மீன் விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா கூடையோடு கிளம்பியதும் பெண் தனியாக இருப்பாள். எதையோ எடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாத்திரங்களை ஒரு தடவை கண்ணால் எண்ணினேன். "இன்னாம்மே?" என்றேன். "ஏழு ஆழாக்குதான் போட்டுச்சு தம்பி. இன்னொண்ணு போடணும்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

அதன்பிறகு தினமும் வந்தாள். அவள் அம்மாவிடம் நானே பேசினேன். "படிச்சுக்கட்டும் அண்ணாத்தே, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலே" என்றாள் அந்த அம்மாள். பக்கத்துத் தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா எங்கள் சந்து வழியாகப் போவார். ஒருநாள் அவரை நிறுத்திக் கேட்டேன். எட்டு வயசுப் பெண்ணை அரிச்சுவடி வகுப்பில் சேர்க்கமாட்டார்கள் என்றார். "பொங்கல் லீவு முடிஞ்சு திறக்கிற அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க. பாடம் வாசிச்சு, கூட்டல் போட்டுக் காட்டினா ரெண்டாம் வகுப்பில ஒரு இடம் தரேன். அப்புறம் வந்தா இந்தப் பொண்ணுக்கு வயசு தாண்டிடும்." தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். எழுதிக் கொடுக்கச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக, தை வரைக்கும்தான் கெடு. என் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் உண்டு, அந்தப் பெண்ணுக்கு இது ஒன்றுதான். அவளுக்கும் அது தெரியும். பிள்ளையார் சதுர்த்திக்குக் கால்வாய்க் கரையிலிருந்து களிமண் கொண்டுவரச் சொல்லி, எழுத்துகளை உருட்டிக் காயவைத்தோம். பிள்ளையாரைக் கடலில் கரைக்கிற அன்று எழுத்தையும் கரைக்கவேண்டும், பெயரைச் சரியாகச் சொன்னவர்கள்தான் கரைக்கலாம் என்பது ஏற்பாடு. என் இரண்டையும் அவள்தான் கடற்கரைக்கு அழைத்துப் போனாள். திரும்பி வருகிற வரைக்கும் எனக்கு உயிரே இல்லை. வந்ததும் அவள் மூடிய கையைப் பார்த்தேன். "இன்னா ஒளிச்சுவெச்சுகினு கீறே?" என்று அதட்டினேன். விரித்தாள். அவள் பெயரின் முதல் எழுத்து, ஓரம் உடைந்து கிடந்தது. "இத்தக் கரைக்க மனசு வரலே" என்றாள்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். போகாமல் நின்றாள். "பொஸ்தகத்தத்தானே தொடக்கூடாது? சுண்டல எண்ணலாமில்ல?" என்று கேட்டாள். பத்துப் பத்தாகப் பிரித்து நூறு கொண்டைக்கடலையை வரிசை வைத்தாள். அவள் பத்து வைக்கிறதற்குள் என் பையன் இரண்டைத் தின்றுவிடுவான், அதையும் கழித்துச் சொல்லுவாள். கார்த்திகைக்கு அகல் விளக்குகளை மூன்று வரிசை, வரிசைக்கு நாலு என்று வைத்து வாய்ப்பாடு படித்தோம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் சந்தே காகித நட்சத்திரம் செய்கிறபோது, துடைப்பக் குச்சியைச் சம நீளமாக வெட்ட அளக்கக் கற்றுக்கொண்டாள். முதல் பாடப் புத்தகம் முழுவதும் திக்காமல் வாசித்தாள். கூட்டல் மட்டும் இன்னும் கொஞ்சம் பழகவேண்டியிருந்தது.

அதற்காகத்தான் மார்கழியில் அந்தக் கட்டத்தை ஆரம்பித்தேன். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்களை அதில் வைக்கவேண்டும். நேராக, குறுக்காக, மூலைக்கு மூலையாக எப்படிக் கூட்டினாலும் பதினைந்து வரவேண்டும். துறைமுகத்தில் கப்பல் வராத நேரத்தில் நாங்கள் பொழுதுபோக்குக்குப் போடுகிறதுதான். என் பெண்டாட்டி கிடங்குக்குப் போன பிறகு, அவள் போட்ட கோலத்துக்குப் பக்கத்திலேயே நான் காலை நீட்டி உட்கார்ந்து கோலமாவில் கோடு இழுப்பேன். எண்களைப் பழைய தமிழ் எண்களாகவே எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் அத்தனை காய்ந்த மிளகாய் வைக்கவேண்டும். எப்படியும் வெயிலில் போடவேண்டிய மிளகாய்தானே என்று அதையே எடுத்தேன். மார்கழி ஆயிற்றே என்று கோலத்திலிருந்த சாணி உருண்டையையும் பூசணிப் பூவையும் என் பெண் எடுத்து நடுக் கட்டத்தில் வைத்தாள். சுற்றிலும் செம்மண் கரை. பார்க்க லட்சணமாகவே இருந்தது.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. வேலை வெட்டி இல்லாத நொண்டி ஆம்பிளை, வாசலில் உட்கார்ந்து கோலமாவில் கட்டம் போடுகிறான். கட்டத்துக்குள் எழுத்து மாதிரி எண்கள், சிவப்பு மிளகாய், செம்மண், நடுவில் பூ. சூனியம் வைக்கத் தகட்டில் எழுதிப் புதைக்கிறார்களே, அந்த எந்திரத்துக்கும் இதற்கும் பார்க்கிறவர்களுக்கு என்ன வித்தியாசம்? எனக்குத் தோன்றவே இல்லை. எல்லோரையும் சந்தேகப்பட்ட எனக்கு, என்னையும் நாலு பேர் சந்தேகப்படுவார்கள் என்று மட்டும் உறைக்கவில்லை.

நாலாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று, "இன்னாத்துக்கு அண்ணாத்தே இந்தக் கட்டம்?" என்று கேட்டாள். "கணக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் அவள் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது என்றார்கள். அன்று மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து பார்த்தால், கட்டம் இல்லை. சாணித் தண்ணீர் தெளித்து வழித்திருந்தது. மிளகாய்கள் ஓரமாகக் கிடந்தன. கோலத்தை விட்டுவிட்டுக் கட்டத்தை மட்டும் அழித்திருக்கிறார்கள் என்றால் அது மாடு மிதித்ததில்லை, குழந்தைகள் செய்ததும் இல்லை.

மறுநாளும் போட்டேன். மறுநாளும் மத்தியானம் அழிந்தது. அதற்கடுத்த நாளும். சந்தில் மற்ற குழந்தைகளும் எங்கள் வாசலைத் தாண்டுகிறபோது ஓட ஆரம்பித்தார்கள். ஒருத்தி என் காதுபடவே, "அந்தாண்ட போவாதே" என்று தன் பிள்ளையை இழுத்தாள். நான் என் வேலையைக் காட்டினேன், அதாவது டாலி போட்டேன். எதிர்வீட்டுக்காரி கட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், ஒன்று. அவள் மீன் விற்று மத்தியானம்தான் வீடு வருகிறாள், இரண்டு. பெண்ணை மூன்று நாளாக அனுப்பவில்லை, மூன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் இவள் பெண்ணுக்காக உயிரை விடுகிறேன், இவள் என்னைச் சூனியக்காரன் ஆக்குகிறாளா? ஆத்திரம் மண்டைக்கு ஏறியது.

கட்டம் அழிய ஆரம்பித்த ஐந்தாம் நாள் சாயங்காலம் கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். என் பெண்டாட்டியும் வரிசையில் இருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் குடத்தை அப்போதுதான் வைத்தாள்.

"ஏம்மே, தெனம் வந்து என் வாசல்ல சாணி தெளிக்கிறியே, இன்னா நெனச்சுகினு கீறே?"

அவள் திகைத்துப் பார்த்தாள். "நானா? இல்ல அண்ணாத்தே."

"நீ இல்லாம யாரு? உன் பொண்ணு படிச்சா உனக்கே பொறுக்கலையா?"

அவள் ஒரு தடவை என் பெண்டாட்டியைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். மாட்டிக்கொண்டவள் முழிக்கிற முழி என்று நினைத்தேன். "பேசாம கீறியே, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றேன். அப்போது சொன்னேன் அந்த வார்த்தையை. "புருஷனை முழுங்கினது பத்தலே, இப்ப பெத்த பொண்ணையும் கெடுக்க வந்துட்டா!"

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை. அவள் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கெலித்துவிட்ட மாதிரி வீடு வந்தேன். என் பெண்டாட்டி அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்றாள்.

மறுநாள் காலை எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. காய்ச்சல் விட்ட பெண்ணை அழைத்துக்கொண்டு எண்ணூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். போகட்டும் என்று நான் கட்டத்தைப் போட்டேன். மத்தியானம் கண் விழித்துப் பார்க்கிறேன், கட்டம் இல்லை. பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. பூட்டிய வீட்டுக்காரி எண்ணூரிலிருந்து வந்து சாணி தெளிப்பாளா?

அடுத்த நாள் சாப்பிட்டதும் குறட்டை விடுகிற மாதிரிப் படுத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். என் பெண்டாட்டி எச்சில் தட்டைக் கழுவினாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். வாளியில் சாணியைக் கரைத்துக் கட்டத்தின்மேல் ஊற்றிக் கையாலேயே வழித்தாள். மிளகாய்களைப் பொறுக்கி, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பக்கமாகக் காட்டிச் சுற்றி, மூன்று தடவை துப்பினாள்.

"நீயா?" என்றேன். வாளி உருண்டு போயிற்று.

முதலில் அழுதாள். அப்புறம் கோபம் வந்தது அவளுக்கு. "நான்தான். கெடங்குல ஒருத்தியும் எம்பக்கத்துல குந்தமாட்டேங்கிறா. 'உன் வூட்டுக்காரன் கட்டம் கட்டறான்மே'ங்கிறாளுங்க. அந்தப் பொண்ணுக்கு ஜுரம் வந்ததும் எனக்கும் பயம் வந்துடுச்சு. காலு போனதுலேர்ந்து நீ ஒரு மாதிரியா கீறே. யாரையோ பழிவாங்கத்தான் செய்யிறியோன்னு..."

"என்னாண்ட கேட்டிருக்கலாமில்ல?"

"இன்னான்னு கேக்கறது? சூனியம் வெக்கிறியான்னா? நீ கப்பல்காரனை நம்பலே, கட்டுப் போட்ட டாக்டரை நம்பலே, ஒரு வடை கொறஞ்சா என்னை நம்பலே. உன்னாண்ட வந்து இதைக் கேட்டா நீ சும்மா இருப்பியா?"

அவளே மூக்கைச் சிந்திக்கொண்டு மீதியையும் சொன்னாள். "மொத நாளே எதிர்வூட்டு அக்கா பாத்துடுச்சு. யாருக்கும் சொல்லாதே, அந்தாளு கோவக்காரன்னு கையைப் புடிச்சு அழுதேன். சொல்லமாட்டேன்னுச்சு. குழாயாண்ட நீ அப்படிக் கேட்டப்போகூட சொல்லலே."

"நீ நின்னுகினுதானே இருந்தே? நீ சொல்லியிருக்கலாமே?"

"பயந்துட்டேன்" என்றாள். அவ்வளவுதான். பயந்தது என்னைப் பார்த்து. அவளை என்ன சொல்லித் திட்டுவது?

பொங்கல் வந்தது, போனது. என்ன தின்றோம் என்றுகூட நினைவில்லை. பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருந்தபோது கட்டையை ஊன்றிக்கொண்டு ரயிலேறி எண்ணூருக்குப் போனேன். ரயிலடியிலிருந்து மணலில் நடக்க ஒரு மணி நேரம் ஆயிற்று, கால் விண்விண் என்று தெறித்தது. விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டாள்.

"தப்பு என்மேலதாம்மா" என்றேன். "எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வாய் தவறிட்டேன். என்னை நாலு திட்டு திட்டு. பொண்ணை மட்டும் நாளன்னிக்கு அனுப்பு."

அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஊரே சொல்லிச்சு அண்ணாத்தே, உன் வூட்டுக்குப் போயித்தான் எம்பொண்ணுக்கு ஜுரம்னு. உன் பொண்டாட்டியே நம்புனா. நான் நம்பலே. கணக்குன்னு நீ சொன்னே, கணக்குன்னுதான் எடுத்துகினேன். ஜுரம் வுட்ட அன்னிக்கே அனுப்பணும்னு அவ பாவாடையத் தோச்சு வெச்சேன். அன்னிக்கு சாயங்காலந்தான் நீ குழாயாண்ட வந்தே."

நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சந்து முழுக்க ஒரே ஒரு ஆள்தான் என்னை நம்பியிருக்கிறாள். அவளைத்தான் தேடிப் பிடித்து அந்த வார்த்தை சொல்லியிருக்கிறேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை அவள் பார்த்தாளா என்று தெரியாது.

"பொண்ணை அனுப்பறேன்" என்றாள் கடைசியில். "அவ படிப்பு இன்னா பண்ணுச்சு? ஆனா உன்கூட இல்ல. உன் பொண்டாட்டி வந்து இட்டுகினு போவட்டும்."

அப்படியே நடந்தது. ஒருநாள் கூலி போனாலும் போகிறது என்று என் பெண்டாட்டி, எழுத்து ஒன்றும் தெரியாதவள், அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து டீச்சரம்மாவிடம் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து, டீச்சரம்மா ஏமாற்றிவிடுவார், ஏதாவது சாக்குச் சொல்லுவார் என்று பொருமிக்கொண்டே இருந்தேன். அவர் ஏமாற்றவில்லை. பெண் பாடத்தை வாசித்தாளாம். கூட்டலில் ஒன்றுகூடத் தப்பவில்லையாம். ரெண்டாம் வகுப்பில் இடம் கொடுத்துவிட்டார். இதை என் பெண்டாட்டி வந்து சொன்னபோது, "நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

எதிர்வீட்டுப் பூட்டுத் திறந்தது. என் கால் சரியாகி நான் மறுபடி துறைமுகம் போக இன்னும் மூன்று மாசம் ஆயிற்று. அதுவரை தினமும் காலையில் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெண் பலகையும் புத்தகமுமாக வீட்டிலிருந்து வெளியே வருவாள். சந்து முழுக்க நிதானமாகத்தான் நடப்பாள், யார் கூப்பிட்டாலும் நின்று பேசுவாள். எங்கள் வாசலைத் தாண்டுகிறபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவாள். சூனியத்துக்குப் பயந்து இல்லை, அதை அவளோ அவள் அம்மாவோ ஒருநாளும் நம்பியதில்லை. என் வாய்க்குப் பயந்து.